பிறகு வந்து திறப்பவனுக்கு

1930களில் நம் ஊர் வீடுகளுக்கு வயர் இழுத்தவர்களின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. அவர்கள் செய்த வேலை மட்டும் சில பழைய வீடுகளின் சுவரில் இன்னும் இருக்கிறது. தேக்குக் கேப்பிங்கின் பித்தளைத் திருகாணிகளைக் கழற்றி மூடியை எடுத்தால், முகம் பார்த்திராத அந்த மனிதர் எப்பேர்ப்பட்ட வேலைக்காரர் என்று அப்போதே தெரிந்துவிடும். வயர் முறுக்கில்லாமல் காடியில் படுத்திருக்கிறதா, மூலையில் மரத்தை 45 டிகிரிக்கு அறுத்துச் சந்து இல்லாமல் சேர்த்திருக்கிறாரா, திருகாணி வயரைத் தொடாமல் நடுவிலே இறங்கியிருக்கிறதா, எல்லாம் கண்முன் இருக்கும். இந்தத் தொழிலில் வாழ்நாளைக் கழித்த நான் உறுதியாக நம்புவது ஒன்றுதான். வயரிங் வேலையை வீட்டுக்காரருக்காக மட்டும் செய்தால் போதாது. என்றோ ஒருநாள் அதைத் திறக்கப்போகும் இன்னொரு வயர்மேனுக்காகவும் சேர்த்துச் செய்ய வேண்டும். அவன் கை நம்பித்தான் உள்ளே போகிறது.

நான் தொழில் பழகியது கோயம்புத்தூரில், 1960களின் கடைசியில். என் மேஸ்திரி சிறுவனாக இருந்தபோதுதான் பைகாரா கரண்ட் அந்தப் பக்கம் வந்தது. 1932-ல் நீலகிரியில் பைகாரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. சுமார் 3000 அடி உயரத்திலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் சிங்காராவில் டர்பைனைச் சுற்றும். சென்னைக்கு மின்சாரம் புதிதல்ல. அங்கே 1895-லேயே டிராம் வண்டி மின்சாரத்தில் ஓடியது. கொங்கு நாட்டுக்கு அதைக் கொண்டுவந்து சேர்த்தது பைகாரா. பிறகு 1937-ல் மேட்டூர், 1944-ல் பாபநாசம் என்று மின் நிலையங்கள் வரிசையாக வந்தன.

கரண்ட் முதலில் போனது பஞ்சாலைக்கு. ஆலையில் மோட்டாரும் விளக்கும் மாட்டிப் பழகியவர்கள்தான் ஊருக்குள் வீடுகளுக்கும் வேலைக்கு வந்தார்கள். அவர்களோடு தச்சர்களும் வந்தார்கள். என் மேஸ்திரி தச்சு வேலை செய்த குடும்பத்துப் பிள்ளை. அன்றைய வயரிங்கில் பாதி மரவேலை என்பதால் உளியும் இழைப்புளியும் பிடித்த கை அதற்குத் தோதாக இருந்தது. அவருடைய பெட்டியில் குறடுக்கும் திருப்புளிக்கும் பக்கத்திலேயே தூக்குக் குண்டும் ரசமட்டமும் நூல் கண்டும் இருக்கும். சுவரில் நூல் அடித்துக் கோடு போடாமல் ஓர் ஆணியும் அடிக்க விடமாட்டார்.

கேசிங் கேப்பிங் வயரிங்கைப் பார்த்திராத இளைஞர்களுக்காக அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கேசிங் என்பது நெடுக இரண்டு காடி எடுத்த தேக்குப் பட்டை. ஒரு காடியில் பேஸ் வயர் போகும், மறு காடியில் நியூட்ரல் போகும். நடுவில் உள்ள மரம் இரண்டையும் பிரித்து வைக்கும். மேலே மூடுகிற மெல்லிய பட்டைதான் கேப்பிங். அதன் திருகாணி அந்த நடு மரத்தில்தான் இறங்க வேண்டும்; சற்று விலகினாலும் வயரைக் குத்திவிடும். சுவரில் முதலில் துளை போட்டுத் தேக்குக் கட்டை இறக்கிப் பூச வேண்டும். பூச்சு காய்ந்த பிறகுதான் கேசிங்கைத் திருக வேண்டும். அதையும் சுவரோடு ஒட்டித் திருகக் கூடாது. இடையில் சின்னப் பீங்கான் வில்லை வைத்து, பின்னால் காற்றோட விட வேண்டும். மழைக்காலத்தில் சுவர் ஓதம் குடித்தாலும் மரம் குடிக்காது. உள்ளும் புறமும் வார்னிஷ் அடித்த நல்ல தேக்கு இப்படி நின்றால் ஒரு தலைமுறை தாண்டியும் நிற்கும். ஒட்டித் திருகிய இடத்தில் கறையான் ஏறியிருக்கும். அதையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அன்றைய வயருக்கு ரப்பர்தான் காப்பு. செப்புக் கம்பியின் மேல் வெள்ளீயம் பூசியிருக்கும். ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்கள், அந்தக் கந்தகம் செம்பைத் தின்னும்; தடுக்கத்தான் இந்த வெள்ளீயப் பூச்சு. ரப்பருக்கு மேல் துணி நாடா, அதற்கும் மேல் மெழுகுக் கலவையில் தோய்த்த பஞ்சு நூல் பின்னல். அளவுகளை 1/18, 3/22, 3/20, 7/20 என்று சொல்வோம். முதல் எண் எத்தனை இழை என்பது, அடுத்தது ஒவ்வோர் இழையின் கேஜ். விளக்குக்கு 1/18, 3/22 போதும். கனமான லோடுக்கு 7/20.

வீட்டுக்குள் முதலில் வந்தது விளக்குதான். கூடத்துக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, திண்ணைக்கு ஒன்று என்று பாயின்ட் கேட்பார்கள். ஓட்டு வீடுகளில் உத்திரத்தை ஒட்டிக் கேசிங் ஓடும். அதிலிருந்து சீலிங் ரோஸ், முறுக்கிய நூல் வயர், பித்தளை ஹோல்டர், எனாமல் ஷேடு, 40 வாட்ஸ் பல்பு. சுவிட்ச் பித்தளைத் தொப்பி போட்டது, உள்ளே பீங்கான். வட்டமான மரக்கட்டையின் மேல், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் அதை மாட்டுவோம். கீழே தள்ளினால் எரியும். விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுப் பெரியவர்கள் அந்தச் சுவிட்சைத் தள்ளி, பல்பைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவார்கள். பூஜையறையில் மட்டும் பாயின்ட் வேண்டாம், எண்ணெய் விளக்குதான் எரிய வேண்டும் என்று சொன்ன வீடுகளும் உண்டு.

காசுள்ள வீடுகளில் ரேடியோவுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் பிளக் வந்தது. அந்தக் காலத்தில் லைட்டுக்கு ஒரு மீட்டர், பவருக்கு ஒரு மீட்டர். பவர் யூனிட்டுக்குக் கட்டணம் குறைவு என்பதால் இரண்டு வயரிங்கும் தனித்தனியாகவே ஓடும். 5 ஆம்பியர் ஒரு வழி, 15 ஆம்பியர் ஒரு வழி. கட்டணத்துக்காக வந்த பிரிவினை வயரிங்குக்கும் நல்லதாக முடிந்தது. ஒன்றில் ஃபியூஸ் போனால் மற்றது எரிந்துகொண்டிருக்கும். பழுது எந்தப் பக்கம் என்று தேட வேண்டியதில்லை.

மேஸ்திரி விடாமல் பிடித்த கொள்கை ஒன்று உண்டு: வழியில் ஜாயின்ட் கூடாது. சுவிட்சிலிருந்து சுவிட்சுக்கும், சீலிங் ரோஸிலிருந்து சீலிங் ரோஸுக்கும் லூப் எடுத்துப் போனால் வயரை நடுவில் வெட்ட வேண்டிய தேவையே வராது. எல்லா இணைப்பும் திருகாணி உள்ள இடத்தில் இருக்கும், திறந்தால் தெரியும். ஆனால் இதற்கு வயர் கூடுதலாகப் பிடிக்கும். கொட்டேஷனில் விலை குறைக்க நினைப்பவர்கள் நடுவில் சுரண்டி டி ஜாயின்ட் அடித்துவிடுவார்கள். ஜாயின்ட் போட்டே ஆக வேண்டுமென்றால் அதற்கும் ஒழுங்கு உண்டு. இழைகளைப் பிரித்துச் சுத்தம் செய்து, ஒன்றோடொன்று நெருக்கமாகச் சுற்றி, ஈயம் வைத்துப் பற்ற வேண்டும். மேலே ரப்பர் டேப், அதன் மேல் கறுப்பு டேப். வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் சூடாகும், ரப்பரைக் கருக்கும், கடைசியில் மரத்தைக் கருக்கும். “இன்னிக்கு நீ மிச்சம் பிடிக்கிற ஒரு முழம் வயரை நாளைக்கு ஒருத்தன் ராத்திரியில ஏணி போட்டுத் தேடோணும் கண்ணு” என்பார்.

கேப்பிங் மூடுவதற்கு முன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவது அவர் வழக்கம். “ஏனுங்க, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க. இதுல பேஸ் போகுது, இதுல நியூட்ரல். நடுவுல எங்கயும் வெட்டல.” வீட்டுக்காரருக்குப் புரிந்ததோ இல்லையோ, காட்டாமல் மூடமாட்டார். பிறகு மெகர். கைப்பிடியைச் சுற்றினால் 500 வோல்ட் தரும் கருவி அது. வயருக்கும் பூமிக்கும் இடையே கசிவு இருக்கிறதா என்று முள் காட்டிவிடும். 50 மெகோமைப் பாயின்ட் எண்ணிக்கையால் வகுத்து வரும் அளவுக்குக் குறையக் கூடாது என்பது கணக்கு. 100 பாயின்ட் உள்ள பெரிய வீட்டில் அரை மெகோம் வர வேண்டும். சின்ன வீட்டுக்கு 1 மெகோம் காட்டினால் போதும். அந்த அளவு வராமல் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மாட்டார்.

பழைய வயரிங்கைப் புகழ்கிறேன் என்பதற்காக அதில் இருந்த ஆபத்தை மறைக்க முடியாது. முதல் ஆபத்து நியூட்ரல் ஃபியூஸ். பழைய மெயின் போர்டுகளில் பேஸுக்கு ஒரு பீங்கான் ஃபியூஸ் கட்டையும் நியூட்ரலுக்கு ஒன்றும் இருக்கும். இரண்டு கம்பியையும் ஒன்றுபோல் பார்த்த காலத்து முறை அது. நியூட்ரலை எர்த் செய்த சப்ளையில் அதுவே பொறியாகிவிடும். நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் விளக்கு அணைந்துவிடும். ஆனால் பேஸ் ஹோல்டர் வரைக்கும் உயிரோடு நிற்கும். கரண்ட் இல்லை என்று நினைத்துக் கை வைத்தவனைத் தூக்கி அடிக்கும். “லைட் எரியலைன்னா கரண்ட் இல்லைன்னு அர்த்தமில்ல கண்ணு” என்று அவர் சொல்லாத நாள் குறைவு. எந்தப் பழைய வீட்டுக்குப் போனாலும் முதல் வேலை நியூட்ரல் ஃபியூஸைக் கழற்றி அங்கே தடித்த லிங்க் போடுவதுதான். அடுத்த வேலை, எல்லாச் சுவிட்சும் பேஸில் இருக்கிறதா என்று டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்ப்பது. நியூட்ரலில் சுவிட்ச் போட்ட விளக்கும் இதே பொறிதான். பின்னால் 1956-ல் வந்த இந்திய மின்சார விதிகள் நியூட்ரலில் தனி ஃபியூஸும் தனிச் சுவிட்சும் கூடாது என்று தெளிவாகவே சொல்லின. ஆனால் விதி வந்த நாளில் பழைய வீட்டின் மெயின் போர்டு தானாக மாறிவிடாது. ஒருவன் போய்த் திறந்துதான் மாற்ற வேண்டும்.

ஃபியூஸ் கம்பி இரண்டாவது. 5 ஆம்பியருக்கு 0.2 மி.மீ. வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பி, 15 ஆம்பியருக்கு 0.5 மி.மீ. வீட்டில் அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று யாராவது இரண்டு மூன்று வயர் இழைகளைச் சேர்த்து முறுக்கிக் கட்டிவிடுவார்கள். அதன் பிறகு ஃபியூஸ் போகாது. சுவருக்குள்ளோ மரத்துக்குள்ளோ வயர்தான் போகும். ஒரு வீட்டில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்பதை அந்தக் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கேசிங் கேப்பிங்குக்கு அடுத்து வந்தது ரீப்பர் வயரிங். மெல்லிய தேக்கு ரீப்பரில் முதலிலேயே பின் ஆணியால் கிளிப்புகளை அடித்துவிட்டு, ரீப்பரைச் சுவரில் ஏற்றி, ரப்பர் உறை போட்ட வயரை அதன் மேல் படுக்கவைத்துக் கிளிப்பை மடக்க வேண்டும். படுக்கையாகப் போகும்போது 10 செ.மீ.க்கு ஒரு கிளிப், செங்குத்தாகப் போகும்போது 15 செ.மீ.க்கு ஒன்று. செலவு குறைவு, வேகமாக முடியும், வயர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியும். நான் கை வைத்துப் பழகியது பெரும்பாலும் இதில்தான். வயரைத் துணியால் இழுத்து நீவி, ஒரு வளைவும் இல்லாமல் நாலைந்து வயர்களை இணையாகப் படுக்கவைப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும். பீங்கான் கிளீட் வயரிங்கும் இருந்தது. அது பெரும்பாலும் தற்காலிக வேலைக்கும் ஷெட்டுக்கும்தான்.

1970களில் செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் ரீவயரிங் வேலைக்குப் போனபோது பழைய கேசிங் வேலையின் உச்சத்தைப் பார்த்தேன். அந்த வீடுகளில் சுவரைக் கொத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, கண்ணாடி போல மின்னும்; ஒருமுறை கொத்தினால் அதேபோல் திரும்பப் பூச ஆள் கிடைப்பது அரிது. கீழே ஆத்தங்குடிக் கல், மேலே பர்மாத் தேக்கு. முதலில் வயரிங் செய்தவர்கள் கதவு நிலையின் ஓரத்திலும் உத்திரத்தின் அடியிலும் தூணின் பின்பக்கத்திலும் கேசிங்கை ஓட்டியிருந்தார்கள். மரத்தின் நிறத்துக்கே வார்னிஷ். முற்றத்தைச் சுற்றி வரும் வயரிங்கைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அங்கேதான் ரப்பர் வயரின் ஆயுள் எங்கே முடிகிறது என்பதையும் படித்தேன். காடியின் நடுவில் வயர் வளைத்தால் வளைந்தது. சீலிங் ரோஸிலும் ஹோல்டருக்குப் பக்கத்திலும் தொட்டாலே பொடிந்து உதிர்ந்தது. வருடக்கணக்காகப் பல்பின் சூடு ஏறிய இடம் அது. வெளியே பார்க்க எல்லாம் நன்றாக இருக்கும், நுனியில் செம்பு வெறும் கம்பியாக நிற்கும். பழைய ரப்பர் வயரிங் இன்னும் ஓடுகிற வீட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள். மரத்தை வைத்துக்கொள்ளுங்கள், வயரை மாற்றிவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். கேப்பிங்கைக் கழற்றி, காடியைத் துடைத்து, பி.வி.சி. வயரைப் படுக்கவைத்து, அதே திருகாணியால் மூடினோம்.

ஒரு வீட்டில் மாடி வராந்தாக் கேப்பிங்கின் உள்பக்கம் பென்சில் எழுத்து இருந்தது. எந்த வயர் எந்த அறைக்குப் போகிறது என்று எழுதிப் பக்கத்தில் அம்புக்குறி. வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்திருக்க வழியே இல்லை. மூடியைத் திறக்கிற வயர்மேனுக்காக மட்டுமே எழுதப்பட்டது அது. அந்தக் குறிப்பு எங்களுக்கு ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தியது. அதன் பிறகு நானும் அப்படி எழுதாமல் எந்தப் போர்டையும் மூடியதில்லை.

பழைய வயரிங்கின் பெரிய குறை எர்த் இல்லாதது. விளக்கு மட்டும் இருந்தவரை இரண்டு கம்பி போதும் என்று இருந்தார்கள். பிறகு இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர், மிக்ஸி என்று இரும்பு உடம்பு கொண்ட சாமான்கள் வந்தன. எங்கள் ஊரிலேயே 1950களில் பிறந்த கிரைண்டரும் வந்தது. ஈரத் தரை, வெறுங்கால், மாவு அள்ளுகிற ஈரக் கை. மோட்டாரில் காப்பு கொஞ்சம் கெட்டாலும் கரண்ட் இரும்புச் சட்டத்துக்கு வந்துவிடும். எர்த் இருந்தால் அது பூமிக்குப் போய் ஃபியூஸ் போகும். எர்த் இல்லாவிட்டால் மாவாட்டுகிற அம்மாவின் உடம்பு வழியாகத்தான் போகும். ‘லேசா ஜிவ்வுன்னு இருக்குதுங்க, பரவால்ல’ என்று சொல்லி, கட்டையின் மேல் நின்று மாவாட்டிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த வார்த்தையைக் கேட்ட இடத்தில் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் வெளியே வருவேன். வீட்டுக்கு வெளியே குழி வெட்டி, இரும்புக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, தண்ணீர் ஊற்றி, அங்கிருந்து எர்த் கம்பியை ஒவ்வொரு பிளக்குக்கும் கொண்டுபோக வேண்டும். விளக்கு எரிவதுபோல் எர்த்தின் பலன் கண்ணுக்குத் தெரியாது. அதனால் அதற்குச் செலவு செய்யச் சொல்லி வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைப்பது எங்கள் தொழிலின் மிகக் கடினமான வேலையாக இருந்தது. மிக முக்கியமான வேலையும் அதுதான்.

செம்பு கிடைப்பது கடினமான காலத்தில் வீட்டு வயரிங்குக்கு அலுமினியம் வந்தது. திருகாணிக்கு அடியில் அலுமினியம் நாளடைவில் நசுங்கித் தளரும், தளர்ந்த இடம் சூடாகும். அந்தக் கால வீடுகளில் சுவிட்ச் போர்டு கருகியிருந்தால் பெரும்பாலும் காரணம் அதுதான். பிறகு மீண்டும் செம்புக்கே வந்தோம். அதோடு கன்சீல்டு வயரிங்கும் வந்து, எல்லாம் சுவருக்குள் போய்விட்டது. பி.வி.சி. வயர் ரப்பரைவிடப் பல மடங்கு நல்லது. மூன்று கம்பி, எர்த், எம்.சி.பி. எல்லாம் வழக்கமாகிவிட்டன. ஆர்.சி.சி.பி. என்ற சாதனம் போகிற கரண்டையும் திரும்பி வருகிற கரண்டையும் ஒப்பிட்டு, 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே நொடியின் ஒரு பகுதிக்குள் துண்டித்துவிடுகிறது. கிரைண்டரில் அடி வாங்கிய அம்மாக்களை நினைக்கும்போது, இது அப்போதே இருந்திருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொள்ளும்.

ஆனால் சுவருக்குள் போன வேலையை யாரும் பார்ப்பதில்லை. குழாய்க்குள் ஜாயின்ட் போட்டு இழுத்தாலும், ஒரே குழாயில் அளவுக்கு மீறித் திணித்தாலும், பச்சை வயரை எர்த்தில் சேர்க்காமலே விட்டாலும் பூச்சு எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. கேசிங் காலத்தில் கண்ணுக்குத் தெரிந்ததால் வந்த ஒழுங்கை இன்று மனச்சாட்சியால்தான் காப்பாற்ற வேண்டும். அதற்குச் சில எளிய வழிகள் இருக்கின்றன. பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பை வைத்துப் போட்டோ எடுத்து வீட்டுக்காரரிடம் கொடுக்கலாம். எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று போர்டின் கதவில் எழுதி ஒட்டலாம். குழாய்க்குள் ஜாயின்ட் வேண்டாம் என்பதை முதலிலேயே கொட்டேஷனில் எழுதி, அதற்கான வயரின் விலையையும் சேர்த்துக் கேட்கலாம். வீடு கட்டுகிறவர்களும் டைல்ஸ் கடையில் செலவிடும் நேரத்தில் கொஞ்சத்தை இதற்கு ஒதுக்க வேண்டும். மெகர் வைத்துப் பார்த்தீர்களா, எர்த் எவ்வளவு காட்டியது, ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா என்று கேளுங்கள். நல்ல வேலைக்காரன் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டான், சந்தோஷப்படுவான்.

லைசென்ஸ் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் சிலர் இப்போதும் என்னிடம் வருகிறார்கள். விதிகளும் கணக்கும் அவர்களுக்குப் புத்தகத்திலேயே கிடைக்கின்றன. நான் கூடுதலாகச் சொல்லிக்கொடுப்பது மேஸ்திரி எனக்குத் தந்த பழக்கம் ஒன்றைத்தான்: சுவரை மூடுவதற்கு முன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டு. அவரிடம் காட்டக் கூசுகிற வேலை எதுவும் அந்தச் சுவருக்குள் இருக்கக் கூடாது.